கோழிக்குப் போட்ட சோறு

வீட்டில் நாலு கோழி வளர்க்கிறேன் என்று அலுவலகத்தில் சொன்னால் முதல் கேள்வி முட்டையைப் பற்றி வரும். அடுத்த கேள்வி, "அதுக்கு என்ன போடுவீங்க?" கேட்பவரே பதிலையும் வைத்திருப்பார்: "மிஞ்சின சோறு போட்டாப் போதும்ல?" நம் ஊரில் கோழிக்கும் பழைய சோற்றுக்கும் அப்படி ஒரு பந்தம். தட்டில் மிஞ்சியது, குக்கர் அடியில் ஒட்டியது, நேற்று ராத்திரி வடித்து யாரும் சாப்பிடாதது எல்லாம் கோழிக்கு. கோழியும் ஏமாற்றுவதில்லை. மற்ற தீனியை ஒதுக்கிவிட்டுச் சோற்றுக்கு ஓடி வரும். ஓடி வருவதைப் பார்த்தால் நமக்கு இன்னும் ஒரு பிடி போடத் தோன்றும்.

கோழிக்கு எது நல்ல தின்பண்டம் என்று தேடப் போனவன்தான் நான். தேடல் இரண்டே நாளில் கோழியை விட்டு விலகி, டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவின் ஒரு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் போய் நின்றது. வைட்டமின் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால், கோழிக்கு மிஞ்சின சோறு போட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இது ஒரு வரியாக வந்துபோகும். ஒரு வரியில் அடங்குகிற கதை இல்லை இது.

டச்சுக்காரர்கள் 1873இல் சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே சுல்தானகத்தின் மீது போர் தொடுத்தார்கள். முடியாமல் பல பத்தாண்டுகள் இழுத்த போர் அது. அதில் துப்பாக்கிக் குண்டைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குத் தசை வற்றி எழுந்து நிற்கவே முடியாமல் போகும். வேறு சிலருக்குக் கை கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிடும். நேற்றுவரை அணிவகுப்பில் நின்ற ஆள் இன்று இல்லை என்பது சாதாரணமாக நடந்தது. டச்சு அரசு 1886இல் பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரு மருத்துவர்களை ஆராய்ச்சிக்கு அனுப்பியது. அவர்களுக்கு உதவியாக வந்தவர் கிறிஸ்டியான் ஐக்மன். அப்போது வயது இருபத்தெட்டு. பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிர் இயலைக் கற்றிருந்தவர்.

காக்கின் பெயருக்கு அந்த நாளில் இருந்த செல்வாக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காசநோய்க்குக் கிருமி, காலராவுக்குக் கிருமி என்று வரிசையாகக் கண்டுபிடித்துக் கொண்டிருந்த காலம். எனவே பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருந்தே ஆகவேண்டும். பெக்கெல்ஹாரிங்கும் விங்க்ளரும் நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு கிருமியைக் கண்டதாக நம்பி 1887இல் ஊர் திரும்பினார்கள். மிச்ச வேலையை முடிக்க ஐக்மனை நிறுத்திவிட்டுப் போனார்கள். 1888 ஜனவரியில், பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய சிறிய ஆய்வகத்தின் இயக்குநரானார் ஐக்மன்.

முயலிலும் குரங்கிலும் முயன்று பார்த்தார். நோய் வருவதற்கு நெடுநாள் ஆகும்போலத் தோன்றியதால் நிறைய பிராணிகள் தேவைப்பட்டன. அதற்குத்தான் கோழி. வாங்குவதும் வளர்ப்பதும் மலிவு. சில கோழிகளுக்கு நோயாளியின் ரத்தத்தை ஏற்றினார், சிலவற்றை ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்திருந்தார். 1889 ஜூலையில் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. கால் பலவீனமாகி, கூட்டுக் கம்பியில் ஏறி உட்கார முடியாமல், பிறகு நிற்கவே முடியாமல் பக்கவாட்டில் விழுந்து, கடைசியில் மூச்சுத் தசையும் செயலிழந்து செத்தன. பெரிபெரி நோயாளியின் நரம்பில் இருந்த அதே சிதைவு கோழியின் நரம்பிலும் இருந்தது. ஐக்மன் மகிழ்ந்திருக்க வேண்டிய கட்டம். ஒரே ஒரு சிக்கல்: ரத்தம் ஏற்றாத கோழிகளும் அதே மாதிரி விழுந்தன.

கிருமி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றியிருக்கும் என்று நினைத்து, புதுக் கோழிகளைத் தனியாக வேறிடத்தில் வைத்தார். அவையும் விழுந்தன. பிறகு நவம்பர் கடைசியில், எதுவுமே செய்யாமல், நோய் நின்றது. படுத்திருந்தவை எழுந்து நடந்தன, புதிதாக எதுவும் விழவில்லை.

நான் பார்க்கும் தொழிலில் இதைவிடக் கடுப்பான ஒன்று கிடையாது. ஒரு சர்வர் மூன்று மாதமாகக் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அதுவாகவே சரியாகிவிடும். மேனேஜர் சந்தோஷமாக டிக்கெட்டை மூடச் சொல்வார். நல்ல பொறியாளர் மூடமாட்டார். "யாரு எதை மாத்தினது?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்பார். ஐக்மன் அதைத்தான் செய்தார். மாறியது சமையற்காரர்.

ஆய்வகத்தில் கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள், சிக்கனத்துக்காக, ஜூன் மத்தியிலிருந்து மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ராணுவத்துக்கு வடித்த சோறு. நன்றாகத் தீட்டிய, முதல் தரமான வெள்ளை அரிசி. நவம்பர் கடைசியில் புதுச் சமையற்காரர் வந்தார். ராணுவத்து அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கோழிகள் பழையபடி மட்டமான, தவிடு போகாத அரிசிக்குத் திரும்பின. எழுந்து நடந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நோபல் பரிசுக்கான உரையில் ஐக்மனே இந்தச் சமையற்காரரைக் குறிப்பிடுகிறார். பெயர் சொல்லவில்லை. உலக மருத்துவத்துக்குப் பெரிய நன்மை செய்த அந்தக் கறாரான மனிதர் யாரென்று யாருக்கும் தெரியாது.

அதன்பின் ஐக்மன் செய்த சோதனைகள் அழகானவை. தீட்டிய அரிசியைச் சோறாகப் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் கோழி விழுகிறது. பச்சையாகப் போட்டாலும் விழுகிறது, எனவே சமைத்ததில் தவறில்லை. உமி மட்டும் நீக்கி மேல்தோலை விட்டுவைத்த அரிசி என்றால் விழுவதில்லை. தீட்டிய அரிசியோடு தவிட்டைக் கலந்து போட்டாலும் விழுவதில்லை. ஜவ்வரிசி, மரவள்ளிமாவு போன்ற வெறும் மாவுச்சத்தைத் தின்றால் அரிசி இல்லாமலே விழுகிறது.

இவ்வளவையும் செய்தபிறகு அவர் வந்த முடிவு: அரிசியின் மாவுச்சத்திலிருந்து ஒரு நஞ்சு உண்டாகிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஐக்மன் மேல் கோபம் வரவில்லை, மிகவும் நெருக்கமாக உணர்ந்தேன். கெட்டது ஒன்று உள்ளே வந்தால்தான் நோய் வரும் என்று அவர் தலைமுறைக்குக் கற்றுத்தரப்பட்டிருந்தது. நாங்களும் பிழையைத் தேடும்போது எழுதிய வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படிப்போம். எழுதாமல் விட்ட வரி திரையில் தெரியாதே. இல்லாத ஒன்று ஆளைக் கொல்லும் என்று எண்ணிப் பார்க்க வேறொரு மனம் தேவைப்பட்டது.

அந்த மனம் ஹெரிட் க்ரைன்ஸுக்கு இருந்தது. உடல் கெட்டு ஐக்மன் 1896இல் ஹாலந்துக்குத் திரும்பியபின் கோழி வேலையைத் தொடர்ந்தவர் அவர். தவிடு வேண்டாம், வேறு எது கோழியைக் காப்பாற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஜாவா சந்தையில் எளிதாகக் கிடைத்த கச்சாங் ஹிஜாவ் காப்பாற்றியது. நம்முடைய பச்சைப்பயறுதான். கோழியைக் காக்கும் உணவுகளை 120 டிகிரி நீராவியில் நெடுநேரம் வேகவைத்தால் அந்தக் காக்கும் குணம் போய்விடுவதையும் பார்த்தார். 1901இல் அவர் எழுதியதன் சாரம்: சில உணவுகளில் மிகச் சிறிய அளவில் ஏதோ இருக்கிறது, நரம்புக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு சிதையும். நஞ்சும் இல்லை, கிருமியும் இல்லை. நோபல் பரிசு 1929இல் ஐக்மனுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் போனது. க்ரைன்ஸுக்கு ஒன்றும் போகவில்லை.

என் கோழிகளுக்கு முளைகட்டிய பச்சைப்பயறு போடும் வழக்கம் க்ரைன்ஸைப் படித்தபின் வந்தது. நாலு கோழிக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி. அம்மாவுக்கு இதில் உடன்பாடு கிடையாது. "பயறு விக்கிற விலைக்குக் கோழிக்குச் சுண்டலாடா?" என்பாள்.

கோழிக்கு வந்ததும் மனிதனுக்கு வருவதும் ஒன்றுதானா என்ற கேள்வி இருந்தது. ஐக்மன் கிளம்புமுன் அதற்கு வழி செய்துவிட்டுப் போனார். ஜாவா, மதுரா தீவுகளின் சுகாதார ஆய்வாளர் அடோல்ஃப் ஃபோர்டர்மன் அவருக்கு நண்பர். (இந்த ஃபோர்டர்மன் பறவை ஆராய்ச்சியாளரும்கூட. கோழி விஷயத்தை அவர் அக்கறையாகக் காதில் வாங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை.) ஜாவாவின் சிறைகளில் அந்தந்த வட்டார வழக்கப்படி அரிசி மாறும். சில இடங்களில் தவிட்டோடு, சில இடங்களில் தீட்டியது, சில இடங்களில் இரண்டும் கலந்து. ஃபோர்டர்மன் 101 சிறைகளை எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 2,80,000 கைதிகள். தவிட்டரிசிச் சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. கலப்பரிசியில் 416 பேருக்கு ஒருவர். வெள்ளை அரிசியில் 39 பேருக்கு ஒருவர். கட்டடம் பழையதா புதியதா, காற்றோட்டம் உண்டா, நெரிசல் எவ்வளவு என்பதையும் பார்த்தார். அவற்றால் வித்தியாசம் எதுவும் வரவில்லை. 1897இல் அறிக்கை வெளியானது.

அறிக்கை வந்தவுடன் உலகம் தவிட்டுக்கு மாறிவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கைதிகளைப் பற்றிய கணக்கு, அதுவும் கோழியில் தொடங்கிய கணக்கு என்று பலர் ஒதுக்கினார்கள். ஜப்பானின் கதை இன்னும் கொடுமை. அங்கே கப்பற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1880களிலேயே மாலுமிகளின் உணவை மாற்றிப் பெரிபெரியை ஏறக்குறைய ஒழித்திருந்தார். 1883இல் பயணம் முடித்த ரியூஜோ என்ற கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் மரணம். அடுத்த ஆண்டு உணவை மாற்றி அதே வழியில் அனுப்பிய ட்சுகுபா கப்பலில் பெரிபெரிக்கு ஒருவரும் சாகவில்லை. புரதம் குறைவதுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் ஆட்கள் பிழைத்தார்கள். தரைப்படை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. சிப்பாய்க்கு வெள்ளைச் சோறு போடுவது அவன் கிராமத்தில் காணாத சுகம், அதைப் பிடுங்குவதா என்ற எண்ணமும் இருந்தது. ஏற்காதவர்களில் ஒருவர் மோரி ஓகாய், நவீன ஜப்பானிய இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் ஏறத்தாழ 27,000 பேர் பெரிபெரியில் செத்தார்கள். ஓகாயின் கதைகள் எனக்குப் பிடிக்கும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டபின் அவரைப் படிப்பது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் வருவது மலாயாவில். தோட்டங்களிலும் ரயில்பாதை வேலையிலும் இருந்த தமிழர்கள், ஈயச் சுரங்கங்களில் சீனர்கள், கம்பங்களில் மலாய்க்காரர்கள். மூவருக்கும் சோறுதான் உணவு. ஆனால் பெரிபெரி சீனர்களைத்தான் கொத்துக்கொத்தாகக் கொன்றது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வித்தியாசத்தைக் கவனித்து, அரிசியைப் பிடித்துக்கொண்டார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே உரலில் குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தின் மருத்துவர் ஃபிளெட்சர், பிராடன் சொல்வது தவறென்று காட்டலாம் என்று ஒரு சோதனை தொடங்கினார். 1905 டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்கள் ஒரு வார்டு, இரட்டைப்படை எண்கள் இன்னொரு வார்டு. ஒரு பக்கம் சயாம் அரிசி, மறுபக்கம் புழுங்கல். பாதி ஆண்டில் இரு தரப்பையும் வார்டு மாற்றி வைத்தார், கட்டடத்தில் தவறா என்று பார்க்க. எங்கள் அலுவலகத்தில் ஒரு பொத்தானின் நிறத்தைப் பாதிப் பேருக்குப் பச்சையாகவும் பாதிப் பேருக்கு நீலமாகவும் காட்டிச் சோதிப்போமே, அதே முறை. இங்கே எண்ணப்பட்டவை பிணங்கள். ஓராண்டு முடிவில் சயாம் அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் அதனால் ஒருவரும் சாகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் மறுபடி கோழிகளிடம் போனார்கள். தீட்டிய புழுங்கல் அரிசி தின்ற கோழி நின்றது, தீட்டிய பச்சரிசி தின்ற கோழி விழுந்தது.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தவிட்டை உரித்தாலும் உள்ளே போனது உள்ளே இருக்கும். அரிசி களையும்போதும் பச்சரிசி அளவுக்குப் போகாது. நெல் அவித்த நம் பாட்டிமார்கள் இதற்காக அவிக்கவில்லை. அவித்தால் நெல் நொய்யாகாமல் முழுதாக வரும், உமி லேசாகக் கழலும். முன்னோர்களின் விஞ்ஞானம் என்று இதைத் தூக்கிப் பிடிப்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நொய்யைக் குறைக்கச் செய்த காரியம் கூலித் தமிழனின் உயிரையும் காத்தது, அவ்வளவுதான். அதே சென்னை மாகாணத்தில் புழுங்கலை விரும்பாமல் பச்சரிசிச் சோறு உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் மத்திவரை பெரிபெரி இருந்தது. குன்னூர் உணவு ஆய்வகத்தில் அய்க்ராய்டும் அவர் குழுவினரும் 1940இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

மேலே சொன்னவர்களை மறுபடி ஒருமுறை பார்த்தால் ஒன்று தெரியும். சிப்பாய், மாலுமி, கைதி, மனநலக் காப்பகத்து நோயாளி, ஆய்வகக் கூண்டுக் கோழி. தன் தட்டில் என்ன விழவேண்டும் என்பதைத் தான் தீர்மானிக்க முடியாதவர்கள். மலாய்க் கிராமத்தான் தீட்டாத அரிசி தின்றான், கூடவே மீனும் கீரையும் தின்றான். சுரங்கக் கூலி, கங்காணி அளந்து போட்டதைத் தின்றான்.

கோழிக்கும் அப்படியே. மிஞ்சின சோறு போட்டே காலகாலமாகக் கோழி வளர்த்திருக்கிறோமே, நம் ஊர்க் கோழி எதுவும் சுருண்டு விழவில்லையே என்று கேட்கலாம். எங்கள் பாட்டி வீட்டுக் கோழிகள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குப்பைமேட்டுக்குப் போகும். புழு, பூச்சி, புல்விதை, மாட்டுச் சாணத்தில் செரிக்காமல் கிடக்கும் தானியம், களத்தில் சிந்திய நெல், கீரைத்தண்டு. குஞ்சுகளுக்குக் கரையான் வேண்டுமென்று பழைய பானையில் சாணியும் சாக்குத்துணியும் போட்டுக் கவிழ்த்து வைப்பார்கள், மறுநாள் எடுத்து உதறுவார்கள். சாயங்காலம் கூப்பிட்டுப் போடும் சோறு, கூட்டுக்கு வரவழைக்கும் லஞ்சம். அந்தச் சோறும் பெரும்பாலும் புழுங்கல். வெள்ளைச் சோறு மட்டுமே தின்று வாழும் நிலை அந்தக் கோழிக்கு வந்ததே இல்லை.

என் கோழிகள் இருப்பது புறநகரில், சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே பத்தடி இடத்தில், கம்பிவலைக்குள். தரையில் பாதி சிமெண்ட். அவற்றுக்குக் குப்பைமேடு கிடையாது. நான் போடுவதுதான் உணவு, போடாமல் விட்டது அவற்றின் உலகத்திலேயே இல்லை. ஐக்மன் ஆய்வகத்துக் கூட்டுக்கும் என் கூட்டுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது. எனவே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குச் சற்று மேலே தின்னும். கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம், சுண்ணாம்பு, வைட்டமின் எல்லாம் அளவோடு கலந்திருக்கும். ஆசைக்குப் போடும் பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கோழி வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம், அதாவது ஒரு ஸ்பூன் அல்லது இரண்டு. நாம் பாசத்தோடு தட்டி விடும் ஒரு கரண்டிச் சோறு அதைப்போலப் பல மடங்கு. சோறு தின்று வயிறு நிறைந்த கோழி தீவனத்தைத் தொடாது. ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோற்றில் அது இல்லை, கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

அந்த ஒன்றிரண்டு ஸ்பூனுக்குள்தான் தேர்வு. கீரை, முருங்கை இலை, பூசணி விதை, கம்பு, முளைகட்டிய பயறு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். மீன் கழிவு போடுவதென்றால் வேகவைத்துப் போட வேண்டும். இதற்கும் ஒரு கதை உண்டு: 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பச்சையாகக் கெண்டை மீன் தின்ற பண்ணை நரிகள் பெரிபெரிக் கோழிகளைப் போலவே செயலிழந்து விழுந்தன. சில மீன்களின் உடலில் பி1 வைட்டமினை உடைத்துப்போடும் நொதி இருக்கிறது, சூட்டில் அது அழிந்துவிடும்.

பூசணம் பிடித்ததை, "கோழிக்குத்தானே" என்று போடும் பழக்கம் மட்டும் நிற்க வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் தெரியாமல் அதற்கு 'எக்ஸ்' நோய் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயர் அப்போது வந்தது. மனிதக் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. தீட்டிய அரிசியில் போலவே இங்கும் பறவைகள்தான் நமக்கு முன்னால் விழுந்து காட்டின. இந்த முறை உணவில் உண்மையாகவே கெட்டது ஒன்று இருந்தது. ஐக்மன் தேடியது மாதிரி.

தவிட்டுக்கு வருவோம். தவிட்டில் இருக்கும் அந்தப் பொருள் என்ன என்ற தேடல் அடுத்த நாற்பதாண்டு நடந்தது. லண்டனில் காசிமிர் ஃபுங்க் புறாக்களை வைத்து ஆராய்ந்து 1912இல் 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். பொருளைப் பிடிப்பதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. பிடித்தவர்கள் யான்சனும் டோனாத்தும், ஐக்மனின் அதே பட்டேவியா ஆய்வகத்தில், 1926இல். இந்தத் தடவை கோழியை விடச் சிறிய, சீக்கிரம் நோய்ப்படும் வயல் சில்லைகளை வைத்துச் சோதித்தார்கள். 300 கிலோ தவிட்டிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த படிகம் சுமார் 100 மில்லிகிராம். அதில் கொஞ்சம் ஹாலந்தில் இருந்த முதியவர் ஐக்மனுக்குப் போனது. அவர் புறாக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், குணமானது.

அந்தப் படிகத்தின் அமைப்பைக் கண்டறிந்து 1936இல் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். பிறந்தது 1886இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில். இளைஞராக மணிலாவில் அரசு வேதியியலாளராக இருந்தபோது, ராணுவ மருத்துவர் வெட்டர் தவிட்டுச் சாறு கொண்டுவந்து கொடுத்து இதில் இருப்பதைக் கண்டுபிடி என்றார். 1910இல் கையில் வாங்கிய சாறு, கால் நூற்றாண்டுக்கு மேல் விடவில்லை. இடையில் வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்த வேலை பெல் ஆய்வகத்தில் வேதியியல் இயக்குநர். பிற்காலத்தில் யுனிக்ஸும் சி மொழியும் பிறந்த அதே பெல். தொலைபேசிக் கம்பிக்கு உறை செய்யும் வேதியியல் பகலில், தவிடு மிச்ச நேரத்தில். இன்று கோழித்தீவன மூட்டையின் சீட்டில் 'தயமின்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இவருடையது.

சீட்டைப் படித்துவிட்டு, மருந்தாக வருவதை நேரடியாகவே கொடுக்கலாமே என்று பக்கத்து ரைஸ் மில்லுக்குத் தவிடு வாங்கப் போனேன். அந்த மில்லில் ஆடுவது புழுங்கல். புழுங்கல் தவிட்டில் சத்து ஒரு பங்கு அரிசிக்குப் போயிருக்கும், ஆனால் அவித்ததால் பச்சைத் தவிடு மாதிரி சில நாட்களில் காறிப்போகாது. ஐந்து கிலோ கேட்டேன். மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தவிடுங்களா? அதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்கு லோடு லோடாப் போயிடுது தம்பி. எண்ணெய் எடுத்த சக்கைதான் தீவனத்துக்குத் திரும்பி வரும். இட்லி அரிசி குருணை இருக்கு, கோழி நல்லா தின்னும், தரட்டுமா?"

கொஞ்சம் காத்திருந்தால் அடுத்த சாக்கு கட்டுமுன் ரெண்டு கிலோ அள்ளித் தருவதாகச் சொன்னார். காத்திருந்தேன். அங்கே வாசலில், சிந்திய தவிட்டைக் கொத்திக்கொண்டு ஏழெட்டுக் கோழிகள் திரிந்தன. "யார் கோழிங்க?" என்று கேட்டேன். அக்கம்பக்கத்துக் கோழிகளாம். காலையில் அவையாகவே வந்துவிடுமாம்.